காலப்பிரமாணம் தப்பாத வண்டி

மாமனாரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய வண்டி வாங்கியவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். மாமனாரின் மிருதங்க ஞானத்தை நம்பிப் பழைய வண்டி வாங்கியவன் அநேகமாக நான் ஒருவன்தான். இதை வெளியில் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கம் முழுவதையும் அப்போதே ஒரே சாயங்காலத்தில் பட்டு முடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. தி. நகரில் ஒரு ஸ்டீல் பீரோ கடையில் நான் விற்பனையாளன். பெண்ணுக்குச் சீர் வாங்க வருகிறவர்கள் பீரோவைத் தடவித் தடவிப் பார்த்து வாங்குவார்கள். அதை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி அனுப்புவோம். போய்ச் சேரும்போது பக்கவாட்டில் ஒரு கீறல், கதவில் ஒரு சொட்டை. மறுநாள் கடைக்கு போன் வரும். திட்டு வாங்குவது என் இலாகா. நமக்கென்று ஒரு சின்ன பிக்கப் வண்டி இருந்தால், தி. நகரில் உள்ள எல்லாக் கடை பீரோக்களையும் நாமே பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிச் சம்பாதிக்கலாமே என்று ஒருநாள் தோன்றியது. உடனே வேலையை விட்டேன். அப்புறம் வண்டி தேட ஆரம்பித்தேன். (வரிசையைக் கவனியுங்கள். என் புத்திசாலித்தனம் முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.)

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நானும் என் மனைவி ஜெயாவும் மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்னப் போர்ஷனில் குடியிருந்தோம். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு லாரிக்காரன் ஆகிறானாம் என்று மயிலாப்பூரில் ஜெயாவின் பிறந்த வீடே கொதித்தது. மாமியார் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. மாமா மட்டும், அதாவது என் மாமனார் மட்டும், "பண்ணட்டுமே, கையும் காலும் நன்னாத்தானே இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன்.

மாமா மிருதங்க வித்வான். பெரிய பெயர் எடுத்தவர் என்று சொல்ல முடியாது. பெரிய பெயர் எடுத்தவர்களுக்கு ஜுரம் வந்தால் ஞாபகத்துக்கு வருகிறவர். ஆனால் ஒரு விஷயத்தில் மயிலாப்பூரில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அவருடைய காது. பாடுகிறவர் எடுத்த வேகத்தை ஒரு மயிரிழை கூட்டினாலும் குறைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். கூடாமல் குறையாமல் கடைசிவரை ஒரே வேகத்தில் போவதற்குக் காலப்பிரமாணம் என்று பெயர். மாமாவுக்கு அதுதான் தெய்வம். வாடகை வீடு, மூன்று மிருதங்கம், அந்தக் காது. அவர் சொத்து அவ்வளவுதான்.

அந்தக் காதை அவர் கச்சேரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தேங்காய், பூசணிக்காய், மண்பானை, மரக்கட்டில் எதுவானாலும் தட்டிக் கேட்டுத்தான் வாங்குவார். பெண் பார்க்கப் போன அன்று என் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். அன்பினால் தட்டினார் என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன். (ஜெயா வேறு மாதிரி சொல்கிறாள்.)

அசோக் நகரில் பழைய வண்டிகளை நிறுத்தி விற்கும் ஓர் இடத்தில் எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு பிக்கப் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல மெக்கானிக்காகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் போவதற்கு முன் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று மயிலாப்பூர் போனால், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறார். இன்ஜின் என்றால் ஓசைதானே, நான் கேட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்காகப் பேசிய ஒரே மனிதர். எப்படி வேண்டாம் என்பேன்?

வண்டிக்காரர் பான்பராக் வாயோடு இன்ஜினை முடுக்கினார். டக்டக்டக்டக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. மாமா பானெட்டுக்குப் பக்கத்தில் போய், கண்ணை மூடி, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். வண்டிக்காரருக்கே பொறுமை போய், "இன்னா நைனா, பெரியவரு தூங்கிட்டாரா?" என்று என் காதில் கேட்டார். மாமா கண்ணைத் திறந்தார்.

"பேஷ். இழுக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. அப்படியே நிக்கறது."

சத்தம் கொஞ்சம் அதிகமோ என்று நான் மெதுவாகக் கேட்டேன். சத்தம் வராவிட்டால் அது என்ன வாத்தியம் என்றார். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, ரெண்டாம் காலம் போடுங்கோ என்றார். அந்த மனிதர் விழித்தார். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தச் சொல்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். டக்டக் சத்தம் இரண்டு மடங்கு வேகத்தில் வந்தது. மாமா முகம் மலர்ந்தது. மூன்றாம் காலம் என்று விரலைக் காட்டினார். அதையும் வண்டி பிசகாமல் வாசித்தது.

"மூணு காலத்துலயும் சுத்தமா பேசறது, மாப்பிள்ளை. யோசிக்காம வாங்குங்கோ."

ஐயா இன்ஜின் வேலை பார்க்கிறவரா என்று வண்டிக்காரர் விசாரித்தார். இல்லை, மிருதங்கம் என்றேன். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. கலையின் மேல் அவருக்கு இருந்த மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றே வாங்கிவிட்டேன்.

அடுத்த நான்கு நாளும் மாமா மயிலாப்பூரில் பார்த்தவர்களிடமெல்லாம் வண்டி வாங்கிய கதையைச் சொன்னார். மாட வீதிக் காய்கறிக்காரர் வரை தெரிந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து நங்கநல்லூரில் ஒரு கோவில் உற்சவத்தில் வாசிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த அழைப்பு. கார் அனுப்புகிறோம் என்றார்களாம். "எங்காத்து வண்டியிலேயே வந்துடறேன்" என்று மாமா சொல்லிவிட்டார். அதை அவர் எப்படிச் சொன்னார் என்று மாமியாரே என்னிடம் நடித்துக் காட்டினார். அந்த அளவுக்கு என் மதிப்பு வீட்டில் உயர்ந்திருந்தது.

நங்கநல்லூருக்கே ஒரு பீரோவும் கிடைத்தது. நான் வேலை பார்த்த அதே கடையிலிருந்து. பழைய முதலாளி வாசலில் நின்று பார்க்க, என் முதல் சரக்கைப் பழைய போர்வைகளால் சுற்றி ஏற்றினேன். முன்னால் நான், நடுவில் ஜெயா, ஜன்னல் ஓரம் மடியில் மிருதங்கத்தோடு மாமா. பட்டுக்கரை வேஷ்டி, ஜவ்வாது வாசனை. ஆறரை மணிக்குக் கச்சேரி. நாலரைக்கே கிளம்பிவிட்டோம்.

நந்தனம் தாண்டும்போது ஜெயா, "ஏன்னா, சத்தம் ஜாஸ்தியாறதே?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாமா மிருதங்க உறையின் மேல் வண்டிக்குச் சரியாகத் தட்டிக்கொண்டே வந்தார். வாசிக்க வாசிக்கத்தான் நாதம் திறக்கும், ஆரம்பத்தில் எல்லா வாத்தியமும் அப்படித்தான் என்றார். நாதம் நன்றாகத் திறந்துகொண்டது. சைதாப்பேட்டை சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மாமா அவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

சைதாப்பேட்டை ஆற்றுப் பாலத்தின் நடுவில் இருக்கும்போது மாமாவின் கை அந்தரத்தில் நின்றது.

"விட்டுடுத்தே" என்றார்.

ஒரு தட்டு விட்டுப்போயிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. அடுத்த விநாடி, பாத்திர அலமாரி மொத்தமாகச் சரிந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பானெட்டிலிருந்து புகை. பின்னால் பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் சேர்ந்து ஹாரன். கிண்டி வரைக்கும் நின்ற வண்டிகளில் இருந்த அத்தனை பேரும் என் பரம்பரையைப் பற்றி ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்கள்.

ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். மாமா இறங்கப் போனார். "நீ எறங்காத சாமி, மேளத்தப் புடிச்சிக்கினு குந்து" என்று ஒருவர் அவரை உட்காரவைத்துவிட்டார். பீரோவோடும் மாமாவோடும் ஜெயாவோடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தை இறங்கி, கிண்டிப் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட் வாசலில் விட்டார்கள். நான் ஸ்டியரிங்கை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டே நடந்தேன். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளவில்லை. சாமிய நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார்கள்.

மெக்கானிக் பெயர் கன்னியப்பன். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன் ஒருமுறை மூக்கைச் சுளிப்பார். என்னைச் சாவி போடச் சொல்லி இரண்டே விநாடி கேட்டார், போதும் என்று கையைக் காட்டினார். ஆயில் அளக்கும் கம்பியை உருவி வெயிலில் பிடித்தார். ஆயிலில் ஜிகினாத் தூள் கொட்டின மாதிரி மினுமினுத்தது.

அவர் விளக்கியது இதுதான். இன்ஜினுக்குள் வால்வுகளைத் தூக்கிக் கொடுக்கச் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் உண்டு. டேப்பெட் என்று பெயர். அதில் ஒன்று தேய்ந்து ரொம்ப நாளாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அடித்து அடித்து, அதைத் தூக்கிவிடும் கேம் ஷாஃப்டைத் தின்றிருக்கிறது. தின்ற இரும்புத் தூள் ஆயிலில் கலந்து போய்ப் பேரிங்குகளையும் தின்றிருக்கிறது. முதலிலேயே பார்த்திருந்தால் சின்னச் செலவு. இப்போது வண்டி வாங்கிய விலையில் பாதி ஆகும்.

"வாங்க சொல்லோ டக்கு டக்குனு சத்தம் வந்துச்சா?"

வந்தது என்றேன்.

"கேட்டுக்கினேவா வாங்கினீங்க?"

ஆமாம் என்றேன். கன்னியப்பன் கம்பியைத் துடைத்துக்கொண்டே மூக்கைச் சுளித்தார்.

"எந்தச் செவிடன் சார் இத்தக் கேட்டுட்டு வாங்கச் சொன்னது?"

பத்தடி தள்ளி மாமா மிருதங்கத்தை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குக் கேட்டது. ஜெயா என்னைப் பார்த்தாள். இன்னும் முக்கால் மணி நேரத்தில் அந்த மனிதர் மேடையேறி, அந்தக் காதை நம்பி வாசிக்க வேண்டும். பதினைந்து வருஷம் கழித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நான்தான்" என்றேன்.

கன்னியப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம் போய் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "பரவால்ல சார். காதுக்கு அடையார்ல ஒரு நல்ல டாக்டரு கீறாரு" என்றார்.

வண்டியையும் பீரோவையும் அவரிடமே விட்டுவிட்டு, கிண்டி ஸ்டேஷனுக்கு ஓடினோம். பழவந்தாங்கல் இரண்டு ஸ்டேஷன்தான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து மாமாவுக்கு இடம் கொடுத்தார். எது கிடைத்தாலும் தாளம் போடுகிற விரல்கள், மிருதங்க உறையின் மேல் சும்மா கிடந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்த விரல்கள் அசையாமல் நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

"மாப்பிள்ளை, அந்தச் சத்தம் சரியில்லைன்னு உங்களுக்கு அன்னிக்கே தோணித்து, இல்லையா?"

ஸ்டேஷன் வந்துவிட்டது மாமா என்றேன். வரவில்லை. இன்னும் ஒன்று பாக்கியிருந்தது.

ஆறு இருபதுக்குக் கோவிலுக்குள் நுழைந்தோம். மாமா மேடையேறினார். நான் முழங்கை வரை கிரீஸோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி ஒரு வட்டம் தானாகக் காலியானது. எனக்குச் சங்கீதம் தெரியாது. (தாளம் போட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தப்பிவிடும் என்று ஜெயா என் கையைப் பிடித்துக்கொள்வாள்.) அதனால் நான் மேடையைப் பார்க்கவில்லை, ஜெயாவைப் பார்த்தேன். முதல் பாட்டு முழுவதும் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா தயங்கித் தயங்கி, அனுமதி கேட்டுக் கேட்டு வாசிக்கிறார் என்று முணுமுணுத்தாள். இரண்டாவது பாட்டிலும் நகம்தான். வண்டி போகட்டும், பணம் போகட்டும், இந்த மனுஷனுக்கு அவர் காதை மட்டும் திருப்பிக் கொடு என்று உள்ளே இருந்த சாமியிடம் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டில் பாடகி திரும்பி மாமாவைப் பார்த்து ஏதோ தலையாட்டினார். மாமாவும் தலையாட்டினார். ஜெயா கையை வாயிலிருந்து எடுத்தாள். அதற்கப்புறம் அவள் நகத்தை மறந்துவிட்டாள், என் கையைக்கூடப் பிடிக்க மறந்துவிட்டாள். மாமா தனியாக வாசித்து முடித்தபோது கோவில் முழுக்கக் கை தட்டியது.

முடிவில் உற்சவக் கமிட்டிச் செயலாளர் சால்வையோடு வந்து, வழக்கம்போல ஒரு பிரசங்கம் செய்தார். எல்லோரையும் விட்டுவிட்டு மாமாவின் காதைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாத்திரை பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது, இந்த ஊருக்கே பெருமையான காது என்று அடுக்கினார். மாமா நெளிந்தார். பிறகு, நாற்பது வருஷத்தில் மைக்கில் ஒரு வார்த்தை பேசாத மனிதர், கையை நீட்டி மைக்கைக் கேட்டார்.

"இந்தக் காதை நம்பி என் மாப்பிள்ளை ஒரு வண்டி வாங்கினார். தாளம் தப்பாம ஓடறது, வாங்குங்கோன்னு சொன்னது நான். அது இப்போ கிண்டியில படுத்துண்டிருக்கு. எந்தச் செவிடன் வாங்கச் சொன்னான்னு மெக்கானிக் கேட்டார். நான்தான்னுட்டார் இவர். நான் கச்சேரிக்கு முன்னாடி கலங்கிடப் படாதுன்னு. நான் அங்கே வாயைத் திறக்கலை. அது தப்பு. அந்தச் செவிடன் நான்தான்."

கோவிலே சிரித்தது. பாடகி தம்பூரா மேல் சாய்ந்து சிரித்தார். எந்த மாப்பிள்ளை என்று எல்லோரும் தேட, கிரீஸ் என்னைக் காட்டிக்கொடுத்தது. முன்வரிசை மாமி ஒருவர் முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு என்னைச் சாவகாசமாகப் பார்த்தார். செயலாளர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று மைக்கிலேயே விசாரித்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஜெயா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு மட்டும் பிரசாதக் கவுண்டரில் புளியோதரை இரண்டு தொன்னை கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், எதற்கு மாமா அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள், நானே சமாளித்திருப்பேனே என்று.

"நீங்கோ பண்ணினது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அதான் அப்படியே விட முடியலை" என்றார். விரல்கள் முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலோரத் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

வண்டி தயாராக மூன்று வாரம் ஆனது. மாமா தினமும் பஸ் பிடித்துக் கிண்டிக்குப் போய் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். கன்னியப்பனுக்கு உண்மை தெரிந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாராம். பிறகு இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள். ரிப்பேர் முடிந்து இன்ஜினை முடுக்கினால் சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று மாமா சந்தேகத்தோடு கேட்டார். பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுருதி சேர்ந்துடுத்து. லயம்தான் போயிடுத்து" என்றார். அந்த வண்டியில் ஒன்பது வருஷம் பீரோ ஏற்றினேன். ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஆனால் அந்தச் செவிடன் பட்டம் யாருடையது என்கிற வழக்கு மட்டும் தீரவில்லை. பிற்பாடு மாமாவும் மாமியாரும் எங்களோடேயே வந்துவிட்டார்கள். வீட்டில் யாராவது கூப்பிட்டு யாராவது கவனிக்காமல் இருந்தால், எந்தச் செவிடன் அது என்று ஒரு குரல் வரும். நான்தான் என்பேன். உள்ளேயிருந்து மாமா, நான்தான் என்பார். தீபாவளிக்குத் தீபாவளி, குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள்களை நடுவராக வைத்து வழக்கை மறுபடி நடத்துவோம்.

எண்பது வயதுக்கு மேல் மாமாவுக்குக் காது உண்மையாகவே மந்தமானது. மெஷின் வைத்தார்கள். வைத்த அன்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, டாக்டர் சீட்டைக் காட்டினார். "இப்போ டாக்டரே எழுதிக் கொடுத்துட்டார். பட்டம் எனக்குத்தான்" என்றார். நான் விடவில்லை. குனிந்து அவர் காதில் சத்தமாக, "நான் கிண்டியிலேயே வாங்கியாச்சு மாமா, சீனியாரிட்டி எனக்குத்தான்" என்றேன். மெஷின் கீச்சென்று கத்தும்வரை சிரித்தார்.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. போன மாதம் நான் ஏதோ யோசனையில் இருந்தபோது என் பெண் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, வழக்கப்படி எந்தச் செவிடன் அது என்றாள். நான்தான் என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். உள்ளேயிருந்து குரல் வரவில்லை.

பாவம்ப்பா, இப்பவாவது அதைத் தாத்தாவுக்கே விட்டுக்கொடுத்துடேன் என்றாள் அவள்.

முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.